சியேனா பாலியோ: ஜூலை 2, ஒரே நாளில் போய்த் திரும்பலாமா?

கோடைவிடுப்பு · மே 12, காலை

ஜூலை 2 காலை ஃபிளாரன்ஸிலிருந்து கிளம்புகிறோம். சியேனாவில் கதீட்ரல், கோபுரம், அருங்காட்சியகம் பார்த்துவிட்டு, மாலை பாலியோ என்ற குதிரைப் பந்தயம், இரவே ஃபிளாரன்ஸ். பந்தயம் ஒன்றரை நிமிடம்தானாம், சதுக்கத்தின் நடுவில் நிற்கக் காசும் இல்லையாம். இரண்டு பெரியவர்கள், ஒன்பது வயதுப் பையன் ஒருவன். கணக்கு சரிதானே?

மூன்றுசுற்று · மே 12, மதியம்

சரியில்லை.

பந்தயம் ஒன்றரை நிமிடம் என்பது உண்மை. காம்போ சதுக்கத்தைச் சுற்றி மூன்று சுற்று, மொத்தம் சுமார் 1,000 மீட்டர். ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்துக்காக நான்கு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். நடுவில் இலவசமாக நிற்கிற கூட்டத்துக்கு வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். பழங்கால உடை அணிவகுப்பு சதுக்கத்துக்குள் நுழையும் முன்பே பெரும்பாலான வாய்கள் மூடிவிடும். பின்பக்கத்து துப்ரே தெரு வழிதான் கடைசி வரை திறந்திருக்கும். உள்ளே போனால் பந்தயம் முடியும் வரை வெளியே வர வழியில்லை. நடுவில் கழிப்பறையும் கிடையாது. பந்தயம் ஜூலையில் மாலை ஏழரையை ஒட்டி, ஆகஸ்டில் ஏழை ஒட்டி என்று அறிவிப்பார்கள். அது குதிரைகள் வெளியே வரும் நேரம், ஓடும் நேரம் இல்லை.

புறப்பாட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஆண்டுகள் உண்டு. இருட்டிவிட்டால் மறுநாளைக்குத் தள்ளிவிடுவார்கள். மழை பெய்து மண் இளகினாலும் அப்படித்தான். 2024 ஜூலைப் பந்தயம் 4ஆம் தேதிதான் ஓடியது, அதே ஆண்டு ஆகஸ்ட் பந்தயம் 17ஆம் தேதி. நகராட்சி மாளிகையின் சன்னலில் பச்சைக் கொடி தொங்கினால் அன்றைக்கு இல்லை என்று பொருள். அப்போது உங்கள் திரும்பும் பேருந்துச் சீட்டு என்ன ஆகும்?

பையன் விஷயம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் நகராட்சி தனி ஆணை போடும், அதில் நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்கு வயது வரம்பும் வரும். ஒன்பது வயது அதில் அடிபடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விதி இல்லாவிட்டாலும், பெரியவர்கள் தோளோடு தோள் நிற்கும் இடத்தில் அவன் பார்க்கப்போவது முதுகுகளை.

ஜூன் 30 அல்லது ஜூலை 1 போங்கள். விவரம் பிறகு எழுதுகிறேன்.

மூன்றுசுற்று · மே 13

விவரம்.

பாலியோ நான்கு நாள். ஜூன் 29 காலை பல குதிரைகளைக் குழு குழுவாக ஓடவிட்டுப் பார்த்து, பந்தயத்தில் ஓடும் கொன்ட்ராடாக்களின் தலைவர்கள் பத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு குலுக்கல்: எந்தக் குதிரை எந்தக் கொன்ட்ராடாவுக்கு என்பது அதிர்ஷ்டம்தான். நல்ல குதிரை விழுந்த தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டே அதை லாயத்துக்கு நடத்திப் போவார்கள். சப்பைக் குதிரை விழுந்தவர்கள் பேசாமல் போவார்கள். இதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கூட்டமும் பந்தய நாளை விடக் குறைவு.

கொன்ட்ராடா என்றால் என்ன என்று கேட்பீர்கள். வார்டு என்று எழுதுகிறார்கள், அது போதாது. சொந்தத் தேவாலயம், அருங்காட்சியகம், லாயம், கூடும் மன்றம், ஞானஸ்நானத்துக்கு ஒரு நீரூற்று, பிறப்பிலிருந்து சாவு வரை ஒரே கழுத்துத் துணி. மொத்தம் 17. எல்லைகளை வகுத்தது அன்றைய சியேனா ஆளுநர் பவேரியாவின் வியோலாந்தே பெயாட்ரீச்சே 1729இல் எழுதிய ஆணை. இன்றும் அதே எல்லைதான். தெரு முனையில் சுவரில் பதித்த சிறு பீங்கான் சின்னத்தைப் பாருங்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும்: நத்தை, ஆமை, ஆந்தை, கம்பளிப்புழு, அலை, காடு. வீரத்துக்குச் சிங்கமும் புலியும் என்று நினைத்துப் போனால் கம்பளிப்புழுதான் கிடைக்கும்.

குலுக்கல் அன்று மாலையே முதல் ஒத்திகை ஓட்டம். மொத்தம் ஆறு. 29 மாலை, 30 காலையும் மாலையும், 1 காலையும் மாலையும், 2 காலை. ஒன்றாம் தேதி மாலை நடப்பது பொது ஒத்திகை. இரண்டாம் தேதி காலையில் நடப்பதற்கு ப்ரொவாச்சா என்று பெயர், "உதவாத ஒத்திகை" என்று அர்த்தம் கொள்ளலாம்: குதிரையைக் களைப்பாக்க யாருக்கும் மனம் இல்லை, பாதி நடையாகத்தான் போவார்கள். காலை ஒத்திகை 9 மணி வாக்கில், மாலை ஏழே கால் ஏழே முக்கால் வாக்கில். அதே சதுக்கம், அதே மண், அதே குதிரைகள், அதே புறப்பாட்டு வடம். ஒத்திகைக்கு மரத்தட்டு இருக்கை பத்து இருபது யூரோ அளவில் கிடைக்கும். பந்தய நாளில் அதே பலகை நூற்றுக்கணக்கில் போகும். அந்தப் பலகைகள் சுற்றியுள்ள கடைக்காரர்கள் கையில் இருப்பவை, கடை வாசலிலேயே கேட்கலாம்.

ஒன்பது வயதுப் பையனுக்கு 30 மாலை ஒத்திகையும் மரத்தட்டும். கொன்ட்ராடா ஆட்கள் பாடிக்கொண்டே ஊர்வலமாக வந்து உட்காருவதைப் பார்ப்பான்.

உப்பில்லாரொட்டி · மே 13, இரவு

ஒன்று விட்டுவிட்டீர்கள். ஒன்றாம் தேதி இரவு பொது ஒத்திகைக்குப் பின் பந்தயத்தில் ஓடும் ஒவ்வொரு கொன்ட்ராடாவும் தெருவில் நீள மேசை போட்டு விருந்து வைக்கும். வெளியாட்களுக்கும் இடம் விற்பார்கள், சில வாரம் முன்பே கொன்ட்ராடாவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். சாப்பாடு எப்போதும் சுமார்தான். சவாரிக்காரர் எழுந்து நாலு வார்த்தை பேசுவதைக் கேட்கத்தான் காசு.

மூன்றுசுற்று · மே 19

மேலே எழுதியதில் கேள்வி வந்திருக்கிறது: 17இல் பத்து மட்டும் ஏன்? பாதை குறுகல், வளைவுகள் மோசம், அதனால் பத்துக்கு மேல் ஓடவிடுவதில்லை. போன முறை ஓடாத ஏழுக்கு இந்த முறை உரிமை. ஓடிய பத்தில் மூன்று குலுக்கலில் மறுபடி வரும். ஆக ஜூலையில் ஓடாதது ஆகஸ்டில் நிச்சயம் ஓடும்.

மூன்றுசுற்று · மே 19, அரை மணி கழித்து

கடைசி வரி தப்பு. ஜூலையும் ஆகஸ்டும் தனித்தனிக் கணக்கு. இந்த ஜூலையில் ஓடாத ஏழும் அடுத்த ஆண்டு ஜூலையில் உரிமையோடு ஓடும், ஆகஸ்டுக்கு ஆகஸ்ட். அதனால் ஒரு கொன்ட்ராடா ஒரே ஆண்டில் இரண்டிலும் ஓடலாம், இரண்டிலும் ஓடாமலும் போகலாம். இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றால் அதற்கு "காப்போத்தோ", அதாவது மேலங்கி. லூப்பா, அதாவது பெண் ஓநாய், 2016இல் அப்படி வென்றது. அதற்கு முன் 1989க்குப் பிறகு வெற்றியே இல்லை, நகரத்தில் மிக நீண்ட காலம் வெல்லாதவருக்குத் தரும் "பாட்டி" பட்டம் அதனிடம்தான் இருந்தது. அதற்கு முந்தைய பாட்டி ச்சிவெத்தா, அதாவது ஆந்தை, 1979க்குப் பிறகு 2009 வரை.

வடக்குவாசல் · மே 20

குலுக்கலில் வரும் மூன்றும் எப்போது தெரியும்?

மூன்றுசுற்று · மே 20

ஜூலைக்கு மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ. நகராட்சி மாளிகைச் சன்னல்களில் கொடி ஏறும், அதுதான் அறிவிப்பு.

மூன்றுசுற்று · ஜூன் 2

புறப்பாடு பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் அந்த ஒரு மணி நேரம் சலிப்பு, புரிந்தால் பந்தயத்தை விட இதுதான் சுவை.

பாதையின் குறுக்கே இரண்டு வடங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒன்பது குதிரைகள் அந்த இடைவெளியில் வரிசையாக நிற்க வேண்டும். சேணம் கிடையாது, வெறும் முதுகுச் சவாரி. வரிசை குலுக்கலில் வரும். குதிரைகள் வடத்தருகே வந்த பிறகே உறை பிரிக்கப்படும், அதுவரை யாருக்கும் தெரியாது. பெயர் வாசிக்கும்போது சதுக்கம் முழுவதும் "ஷ்ஷ்" என்று அடங்கும். அப்போது பேசாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் திட்டினால் நியாயம்தான்.

பத்தாவது குதிரை உள்ளே நிற்காது. அது பின்னால், வெளியே. ரின்கோர்சா என்று அதற்குப் பெயர். அது ஓடி வந்து உள்ளே நுழையும் கணத்தில் முன்வடம் விழும். எப்போது நுழைவது என்பது அந்த ஒரு சவாரிக்காரர் கையில். தன் பகையாளி தலை திரும்பி நிற்கும்போது நுழையலாம், தனக்கு வேண்டியவர் நேராக நிற்கும்போது நுழையலாம். உள்ளே இருக்கும் ஒன்பது பேரும் இது தெரிந்தே குதிரையைத் திருப்புவார்கள், தள்ளுவார்கள், பக்கத்தவரோடு பேரம் பேசுவார்கள். ஆம், குதிரை மேல் இருந்தபடியே, காசு பேரம். அதற்கு முன் தலைவர்கள் நான்கு நாளாக ரகசியமாக ஒப்பந்தம் போட்டிருப்பார்கள், பார்த்தீதி என்பார்கள். தான் வெல்வது, முடியாவிட்டால் பகையாளியை வெல்லவிடாமல் செய்வது, அதற்கும் காசு. லஞ்சம் என்று நாம் சொல்வதை இங்கே விளையாட்டின் விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

புறப்பாட்டு அதிகாரிக்கு மோஸ்ஸியேரே என்று பெயர், வெளியூர்க்காரர். வரிசை கெட்டால் எல்லோரையும் வெளியே போகச் சொல்லி மறுபடி கூப்பிடுவார். செல்லாத புறப்பாடு என்றால் வெடி வெடிக்கும், ஓடிய குதிரைகள் நிற்கும். திரும்ப முதலிலிருந்து.

சாட்டைக்கு நெர்போ என்று பெயர், கன்றின் குறியை உலர்த்தி இழுத்துச் செய்தது. குதிரையை மட்டுமல்ல, பக்கத்துச் சவாரிக்காரரையும் அடிக்கலாம், விதியில் தடையில்லை. சவாரிக்காரர்களில் பலர் சர்தீனியாத் தீவுக்காரர்கள், கொன்ட்ராடாவுக்குக் கூலிக்கு வருபவர்கள். ப்ரொவாச்சா முடிந்து பெயர் பதியும் வரை அவரை மாற்றலாம், அதன்பின் முடியாது. குதிரையை ஒரு கட்டத்திலும் மாற்ற முடியாது. அது நொண்டினால் அந்தக் கொன்ட்ராடா ஓடவே ஓடாது. அதனால்தான் குதிரைக்காரர் நான்கு இரவும் லாயத்திலேயே படுக்கிறார்.

சவாரிக்காரர் விழுந்தாலும் குதிரை முதலில் வந்தால் கொன்ட்ராடா வென்றதுதான். 2018 அக்டோபர் 20 சிறப்புப் பாலியோவில் தர்தூகா, அதாவது ஆமை, அப்படி ஆளில்லாத குதிரையோடு வென்றது. குதிரை பெயர் ரெமோரெக்ஸ்.

வடக்குவாசல் · ஜூன் 2

அதே பந்தயத்தில் ஒரு குதிரை செத்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றுசுற்று · ஜூன் 3

எழுதியிருக்க வேண்டும். ஜிராஃபா கொன்ட்ராடாவின் குதிரை, ராவோல். அந்த ஓட்டத்தில் அடிபட்டு இறந்தது.

விலங்குநல அமைப்புகள் இதை வைத்துத்தான் பந்தயத்தை நிறுத்தச் சொல்கின்றன. நகரம் செய்திருப்பதும் உண்டு: முழு இரத்தப் பந்தயக் குதிரைகளைத் தவிர்த்துக் கலப்பினத்தை மட்டும் ஓடவிடுவது, சான் மார்தீனோ வளைவில் சுவரெல்லாம் மெத்தை கட்டுவது, முன்கூட்டியே கால்நடை மருத்துவப் பரிசோதனை. ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. காரணம் நிலத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. குதிரைகள் வலஞ்சுழியாக ஓடும். மேல்விளிம்பில் ஃபோந்தே காயா நீரூற்றைத் தாண்டியதும் பாதை சடாரென்று இறங்கி, சான் மார்தீனோவில் ஏறத்தாழ செங்கோணமாகத் திரும்புகிறது. முழு வேகம், இறக்கம், திருப்பம், மூன்றும் ஒரே இடத்தில். அடுத்து மாளிகை முன்னால் சமதளம், பிறகு கஸாத்தோ வளைவு. அது ஏற்றம், அதனால் அங்கே வேகம் தானாகக் குறையும். மேலே ஏறி மறுபடி புறப்பாட்டு இடம். பார்க்க மனமில்லாதவர் மாலை ஒத்திகையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒத்திகையில் விழவே மாட்டார்கள் என்று சொல்லவில்லை, முழு மூச்சில் ஓடுவதில்லை, அவ்வளவுதான்.

உப்பில்லாரொட்டி · ஜூன் 3

மேலே "மண்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஊர்க்காரர்கள் தூஃபோ என்பார்கள். எரிமலைச் சாம்பல் கல் என்று சில வழிகாட்டிகளில் வருகிறது, தப்பு.

மூன்றுசுற்று · ஜூன் 3

ஆம். பெயர் தூஃபோ, பொருள் எரிமலைக் கல் இல்லை. களிமண் கலந்த மஞ்சள் மணல், இந்த மலையே அதனால் ஆனது. பந்தயத்துக்குச் சில நாள் முன் கல் பாவிய பாதை மேல் கொட்டி, நனைத்து, உருளையால் இறுக்குவார்கள். "சதுக்கத்தில் மண் விழுந்துவிட்டது" என்றால் திருவிழா தொடங்கிவிட்டது என்று பொருள். முடிந்ததும் வாரி எடுத்து அடுத்த முறைக்குச் சேமிப்பார்கள். செருப்பில் ஒட்டினால் காய்ந்ததும் தட்டுங்கள். ஈரத்தில் துடைத்தால் துணி முழுக்க மஞ்சள்.

கோடைவிடுப்பு · ஜூன் 9

ஜூன் 30 என்று முடிவு. காலையில் வந்து ஒரு இரவு தங்கி, 1ஆம் தேதி மாலை திரும்புகிறோம். பேருந்தா ரயிலா? வாடகைக் காரும் யோசனையில் இருக்கிறது. நாங்கள் சைவம்.

மூன்றுசுற்று · ஜூன் 9

பேருந்து. ஃபிளாரன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பேருந்து நிலையத்திலிருந்து விரைவுப் பேருந்து 131, சுமார் ஒன்றேகால் மணி நேரம், மதிலுக்குள் கிராம்ஷி சதுக்கத்தை ஒட்டி இறக்கிவிடும். எண்ணுக்குப் பின் விரைவுக் குறி இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். சாதாரண வண்டி ஊர் ஊராக நிற்கும். ரயில் ஒன்றரை மணி, சில வண்டிகளுக்கு எம்போலியில் மாற வேண்டும், நிலையம் மலையடியில். நிலையத்துக்கு எதிர் வணிக வளாகத்துக்குள் நகரும் படிக்கட்டுகள் தொடர்ச்சியாக மேலே கமொல்லியா வாசல் பக்கம் விடும். அங்கிருந்து காம்போவுக்குக் கால் மணிக்கு மேல் நடை.

கார் வேண்டாம். மதிலுக்குள் தடை மண்டலம், வாசல்களில் கேமரா, அபராதம் மாதக்கணக்கில் கழித்து வாடகைக் கம்பெனி வழியாக வீட்டுக்கு வரும். ஒவ்வொரு நுழைவும் தனி அபராதம், வழி தெரியாமல் சுற்றினால் இரண்டு மூன்று ஆகிவிடும். கார் இருந்தே ஆக வேண்டும் என்றால் சாந்தா கதரீனா நிறுத்தம், அங்கேயும் நகரும் படிக்கட்டு உண்டு.

கமொல்லியா வாசலில் மேலே பொறித்ததைப் படியுங்கள், இலத்தீன்: "இந்த வாசலை விடச் சியேனா தன் நெஞ்சை உங்களுக்கு அகலமாகத் திறக்கிறது." வாசல் அவ்வளவு அகலமில்லை.

உப்பில்லாரொட்டி · ஜூன் 10

சைவத்துக்கு என் பங்கு.

பீச்சி கேளுங்கள். கையால் உருட்டிய தடிமனான நூல் பாஸ்தா, மாவும் தண்ணீரும் மட்டும், முட்டை வழக்கத்தில் இல்லை. அல்யோனே என்றால் தக்காளியும், கியானா சமவெளியின் பெரிய காரமில்லாப் பூண்டும். இதுதான் பத்திரம். ரொட்டித்தூள் போட்ட பீச்சியில் நெத்திலி கலப்பவர்கள் உண்டு, கேளுங்கள். ரிபொல்லீதா காய்கறி ரொட்டிச் சூப், பெயருக்குச் சைவம், ஆனால் இறைச்சிக் கொதிநீர் விட்டிருக்கலாம். தொடக்கத்தில் வரும் கருப்பு க்ரொஸ்தீனி, பசை தடவிய ரொட்டித் துண்டு: பார்த்தால் காளான் பசை மாதிரி இருக்கும், அது ஈரல். சைவம் என்று நம்பி இதில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ரொட்டியில் உப்பு இருக்காது. மறந்ததில்லை, வழக்கமே அதுதான். என் பெயர்க்காரணமும் அதுதான். குழம்புச் சாற்றைத் துடைத்துச் சாப்பிட வைத்தது. வெறுமனே தின்றுவிட்டுக் குறை சொன்னால் பொருளில்லை.

இனிப்பு: பான்ஃபோர்த்தே. வாதுமை, சர்க்கரையில் பதமிட்ட நார்த்தை, முலாம்பழம், தேன், சர்க்கரை, கொஞ்சம் மாவு, மசாலா. முட்டையில்லை. அடியில் வெள்ளைக் காகிதம் போலிருப்பது அப்பத்தாள், அதையும் தின்னலாம். வெண் சர்க்கரை தூவியது மார்கெரீதா, 1879இல் அரசி மார்கெரீதா வருகைக்காகச் செய்தது. மிளகு தூக்கலான கருப்பு வகை அதைவிடப் பழையது, எனக்கு அதுதான். பற்களைக் கவனித்து, கத்தியைச் சூடாக்கி மெல்லிய துண்டாக வெட்டுங்கள். ரிச்சாரெல்லி வாதுமை பிஸ்கட்டில் முட்டை வெள்ளை உண்டு.

17 கொன்ட்ராடாவுக்கு 17 பொருள் என்று கடைக்காரர் சொல்வார். இனிப்பு இடைக்காலத்தது, 17 என்ற எண்ணிக்கை 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. கதை நன்றாக விற்கிறது.

மூன்றுசுற்று · ஜூன் 10

17 என்றதும் ஞாபகம். பந்தய நாள் அணிவகுப்பில் 17ஐத் தவிர இன்னும் ஆறு குதிரை வீரர்கள் முகத்தை மூடிய தலைக்கவசத்தோடு போவார்கள். சேவல், சிங்கம், கரடி, ஓக், வலிய வாள், விரியன். ஒழிந்துபோன கொன்ட்ராடாக்கள். சிங்கம் இல்லை என்று முன்பு எழுதினேனே, இருந்தது, செத்துப்போனது. கம்பளிப்புழு பிழைத்துக்கொண்டது.

மூன்றுசுற்று · ஜூன் 14

பகை பற்றி. பக்கத்துத் தெருதான் பகையாளி, நம் பங்காளிப் பகை மாதிரி. கழுகும் சிறுத்தையும், நத்தையும் ஆமையும், ஆந்தையும் ஒற்றைக்கொம்பனும், முள்ளம்பன்றியும் ஓநாயும், சிப்பியும் செம்மறிக் கடாவும், வாத்தும் கோபுரமும். எல்லாம் எல்லைச் சண்டையில் வந்தது. கம்பளிப்புழு, டிராகன், ஜிராஃபா, காடு ஆகிய நான்குக்கும் பகை இல்லை.

கடையில் தொங்கும் கழுத்துத் துணியை வாங்கலாம், பகையாளித் தெருவில் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. பந்தய நாட்களில் எங்குமே போட்டுக்கொள்ளாமல் இருப்பது மேல்.

வடக்குவாசல் · ஜூன் 14

வாத்தும் கோபுரமும் பக்கத்துத் தெரு இல்லையே. ஓகா, அதாவது வாத்து, ஃபோந்தேபிராந்தா பக்கம்; தோர்ரே, அதாவது கோபுரம், காம்போவுக்கு அந்தப்புறம் சலிகோத்தோ தெருவில்.

மூன்றுசுற்று · ஜூன் 14

ஒப்புக்கொள்கிறேன். எல்லை தொடாத பகை அது ஒன்று. அதனாலேயே ஊரில் மிகக் கசப்பானதும் அதுதான் என்று நினைக்கிறேன். எல்லைச் சண்டை என்றால் ஒரு நாள் தீரும்.

சாந்தா கதரீனா, அதாவது புனித கத்தரீன், ஓகாவின் பெண். 1347இல் பிறந்தார், சாயக்காரர் மகள். அவர் வீட்டின் ஒரு பகுதியில்தான் ஓகாவின் தேவாலயம். தலை சான் தொமேனிகோ தேவாலயத்தில் கண்ணாடிப் பேழையில், உடல் ரோமில். பையனிடம் முன்பே சொல்லிவைத்துக் கூட்டிப்போங்கள்.

மூன்றுசுற்று · ஜூன் 21

இரண்டு நாளில் மற்றவை, நடை வரிசையில்.

30 காலை ஒத்திகைக்கு வர முடியாது, சரி. மதியம் முன் கதீட்ரல். கூட்டுச் சீட்டு வாங்குங்கள், மூன்று நாள் செல்லும், அருங்காட்சியகமும் ஞானஸ்நான மண்டபமும் அடங்கும். தரையில் 56 பளிங்குச் சித்திரங்கள். ஆண்டின் பெரும்பகுதி பலவற்றை மூடிவைப்பார்கள், ஜூன் கடைசி முதல் ஜூலை முடிய ஒரு முறையும், ஆகஸ்ட் நடு முதல் அக்டோபர் நடு வரை ஒரு முறையும் திறப்பார்கள். உங்கள் தேதி விளிம்பில் இருக்கிறது, அந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். நிக்கோலா பிசானோவின் பிரசங்க மேடை 1265 முதல் 1268க்குள் செய்தது. இடப்புறம் நூலகத்தைத் தவறவிடாதீர்கள், பின்துரிக்கியோ தீட்டிய நிறம் நேற்று தீட்டிய மாதிரி.

அருங்காட்சியகத்தில் துச்சோ தீட்டிய மயெஸ்தா, அரியணையில் அமர்ந்த மரியாள் ஓவியம், இருட்டறையில். 1311 ஜூனில் பட்டறையிலிருந்து கதீட்ரலுக்கு ஊரே ஊர்வலமாகத் தூக்கிச் சென்றது. அங்கிருந்தே திருகுப் படியில் "ஃபச்சாத்தோனே" சுவர் மேல் ஏறலாம். 1339இல் கதீட்ரலைப் பெரிதாக்கத் தொடங்கினார்கள், இப்போதிருக்கும் கதீட்ரல் வெறும் குறுக்குப்புறமாக ஆகியிருக்கும். 1348 கொள்ளைநோயில் ஊரில் பெரும்பகுதி செத்தது, தூண்களில் பிழையும் தெரிந்தது, கைவிட்டார்கள். நீங்கள் ஏறி நிற்பது கட்டாத தேவாலயத்தின் முன்சுவர். நகராட்சி மாளிகையின் மாங்யா கோபுரத்துக்கு 400 படி, மழை என்றால் மூடிவிடுவார்கள், பந்தய நாட்களில் அதை நம்பித் திட்டம் வேண்டாம். சுவரே போதும், கோபுரமும் சேர்ந்து படத்தில் விழும்.

1ஆம் தேதி காலை நகராட்சி மாளிகை. ஒன்பதின்மர் ஆட்சி நடந்த அறையில் அம்புரோஜியோ லொரென்சேத்தி 1338, 39இல் தீட்டிய நல்லாட்சியும் தீயாட்சியும். ஆட்சியாளர்கள் உட்காரும் அறையிலேயே கெட்ட ஆட்சி எப்படியிருக்கும் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். தீயாட்சிச் சுவர்தான் அதிகம் சிதைந்திருக்கிறது, ஈரம். நல்லாட்சிச் சுவரில் கட்டடம் கட்டுபவர்களையும் ஆடுபவர்களையும் பையன் எண்ணிக்கொண்டிருக்கட்டும். கீழே காம்போவின் செங்கல் தளம் ஒன்பது பங்காகப் பிரிந்திருப்பதும் அந்த ஒன்பதின்மருக்காகவே.

ஃபோந்தே காயா நீரூற்றில் இருப்பது 19ஆம் நூற்றாண்டுப் படி. யாக்கொப்போ தெல்லா குவேர்ச்சாவின் அசல் சிதைந்த துண்டுகளாக, கதீட்ரலுக்கு எதிரே இருக்கும் பழைய மருத்துவமனை சாந்தா மரியா தெல்லா ஸ்காலாவில். நீர் வருவது ஊருக்குக் கீழே தோண்டிய சுமார் 25 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய் வழியாக. மலை உச்சியில் ஆறில்லாத ஊருக்கு வேறு வழியில்லை.

கோடைவிடுப்பு · ஜூன் 22

பந்தய நாள் மதியம் குதிரையைத் தேவாலயத்துக்குள் கூட்டிப்போய் ஆசி தருவார்களாமே. அதைப் பார்க்க இன்னும் ஒரு இரவு தங்கலாமா என்று வீட்டில் பேச்சு.

மூன்றுசுற்று · ஜூன் 22

தங்கலாம். தேவாலயம் சின்னது, கொன்ட்ராடா ஆட்களுக்கே இடம் போதாது, வாசலில் நின்றால் குதிரை வருவதும் போவதும் தெரியும். பாதிரியார் முடிவில் "போ, வென்று வா" என்பார். அதுவரை முழு அமைதி. குதிரை மிரண்டால் நாள் கெட்டது. படமெடுக்க மின்னொளி போடாதீர்கள், கைதட்டாதீர்கள், குதிரையைத் தொடாதீர்கள். உள்ளே அது சாணம் போட்டால் நல்ல சகுனம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அதன்பின் நடுவுக்குப் போகாமல், தங்குமிடத்திலோ தெரு முனைத் தொலைக்காட்சியிலோ பாருங்கள். கடைசி வெடி கேட்டதும் வெளியே வாருங்கள். வென்றவர்கள் பட்டுச் சித்திரக் கொடியைத் தூக்கிக்கொண்டு ப்ரொவென்சானோ தேவாலயத்துக்கு ஓடுவார்கள்; ஜூலையில் அங்கே, ஆகஸ்டில் கதீட்ரல். அந்தக் கொடிக்கு அவர்கள் வைத்த பெயர் "கந்தல்". பரிசுப் பணம் கிடையாது, சவாரிக்காரருக்கும் ஒப்பந்தத்துக்கும் விருந்துக்கும் வென்றவர்தான் கொடுத்து மாளாமல் நிற்பார். இரண்டாவதாக வந்தவர்தான் தோற்றவர் என்று கேலி. கடைசியில் வந்தவரை யாரும் கண்டுகொள்வதில்லை.

வடக்குவாசல் · ஜூன் 23

தடித்த ஆட்கள் பால்குழந்தை ரப்பரைச் சப்பிக்கொண்டு போவதைப் பார்த்துப் பையன் கேட்பான்.

மூன்றுசுற்று · ஜூன் 23

வென்றதும் புதிதாய்ப் பிறந்துவிட்டார்கள், அதனால் இந்த ரப்பர். இரண்டு நாளைக்கு வாயிலேயே இருக்கும். அக்டோபர் வாக்கில் வெற்றி விருந்து, அதில் மேசையின் தலைமாட்டில் தீவனத் தொட்டியோடு நிற்பது குதிரை.